கூப்பிடாமல் வரும் குதிரை

லூர்துசாமி அந்தப் பேச்சை மனதுக்குள் எத்தனை முறை ஓட்டிப் பார்த்திருப்பார் என்று அவருக்கே தெரியாது. முதுநகர் ரயிலடியில் பாசஞ்சருக்குக் காத்திருக்கும்போது ஓட்டுவார். கோயிலில் ஃபாதர் பிரசங்கம் வைக்கும்போது ஓட்டுவார். சீட்டாட்டத்தில் தோற்றவன் எந்தச் சீட்டை இறக்கியபோது ஆட்டம் கையை விட்டுப் போனது என்று யோசிப்பதுபோல, எந்த வார்த்தையில் தன் குதிரை தன்னை விட்டுப் போனது என்று தேடுவார்.

பேச்சு நடந்தது சிதம்பரம் அண்ணாமலை நகருக்குப் பின்னால், மாணவர் லாட்ஜுகள் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில். குட்டி யானை மினி லாரியிலிருந்து வெள்ளைக் குதிரையை இறக்கி, கம்பி வேலி போட்ட அரை ஏக்கர் புல்வெளிக்குள் விட்டிருந்தார். அந்த நிலத்துக்காரி இளவரசி, வேலிக்கு வெளியே பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணே, இது கடிக்குமா?" இதுதான் அவள் முதலில் கேட்டது.

"கடிக்காது."

"ஒதைக்குமா?"

"பின்னாடி போயி நின்னா மாடு கூடத்தான் ஒதைக்கும்."

"எங்க மாடு ஒதைக்காதுண்ணே."

"எம்மா, எட்டு வருசமா எங்கூட இருக்குது. எஞ் சொல்லத் தட்டாது. நீ பயப்படாத."

அவள் எட்டிப் பார்த்தாள். "வாயோரமா என்னண்ணே காயம்?"

"மங்கலம்பேட்டையில ஒரு மாமன் சீருக்குப் போயிருந்தோம். சரவெடி வச்சானுங்க. மெரண்டு ஓடுச்சி. புடிச்சி இழுத்தேன்."

"நீங்க இழுத்ததுலயா கிழிஞ்சிது?"

"இழுக்கலன்னா தட்டு தூக்கிகிட்டு வந்த பொம்பளைங்க மேல ஏறியிருக்கும்."

"அத கேக்கலண்ணே. நீங்க இழுத்ததுலயான்னு கேட்டேன்."

"ஆமா."

"சரி. நான் என்னா பண்ணணும், சொல்லுங்க."

"புல்லு போடு. காலையில ஊறவச்ச கொள்ளு. தண்ணி எந்நேரமும் இருக்கணும். கயிறப் புடிச்சி ரெண்டு வேளையும் ஒரு நடை நடத்து."

"கயிறெல்லாம் புடிக்க மாட்டேண்ணே. எனக்குப் பயம். புல்லப் போட்டுட்டுத் தூரப் போயிடுவேன். பரவால்லையா?"

"நீ பயந்தா அதுக்குத் தெரிஞ்சிடும். மதிக்காது."

"மதிக்கலன்னா போவுது. நான் என்னா அது மேல ஏறி ஊர்கோலமா போவப் போறேன்?"

லூர்துசாமி சிரித்துவிட்டார். பயந்தவளிடம் விட்டுப் போகிறோமே என்று ஒரு கவலை இருந்தாலும், உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. இவளிடம் குதிரை ஒட்டாது. மூன்று மாதம் இங்கே மேய்ந்துவிட்டு, இருந்தபடியே நம்மிடம் வந்துவிடும். அப்படி நினைத்துச் சிரித்த சிரிப்புதான் பிற்பாடு அவரை ரொம்ப நாள் அறுத்தது.

குதிரையின் பெயர் கப்பல். அந்தியூர் சந்தையில் வாங்கி லாரியில் கொண்டுவந்து முதுநகரில் இறக்கியபோது, ஒரு ராத்திரி முழுக்க ஆடி வந்த கால்கள் தரையில் நின்ற பிறகும் ஆடின. பக்கத்தில் நின்ற மீன்காரர் ஒருவர், "என்னா லூர்து, கப்பல எறக்குற மாதிரி எறக்குற?" என்றார். பெயர் நின்றுவிட்டது.

அதற்கு முன் லூர்துசாமிக்குச் சொந்தமாகக் குதிரை கிடையாது. பதினாறு வயதில் சில்வர் பீச்சில் இன்னொருவருடைய குதிரைகளைப் பிடித்துக்கொண்டு ஓடத் தொடங்கியவர். பிள்ளைகளை மேலே உட்காரவைத்து, கடிவாளத்தைப் பிடித்தபடி மணலில் கூடவே ஓட வேண்டும். ஓடி ஓடி முட்டி தேய்ந்து, முப்பத்தெட்டாவது வயதில்தான் கப்பல் வந்தது. சனி ஞாயிறு பீச். முகூர்த்த மாதங்களில் மாப்பிள்ளை அழைப்பு. விருத்தாசலம் பக்கத்தில் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்றால் தாய்மாமன் சீர் வரிசை எடுத்து வருவார். நூறு தட்டு, பேண்டு செட்டு, முன்னால் ஒரு குதிரை. குதிரை சும்மா வந்தால் போதாது. மேளத்துக்கு ஆட வேண்டும்.

ஆடக் கற்றுக்கொடுத்ததும் லூர்துசாமிதான். தன் பழைய முதலாளி செய்ததைப் போலவே செய்தார். மேள அடிக்குக் கடிவாளத்தை ஒரு சுண்டு சுண்டினால் குதிரை முன்னங்காலைத் தூக்கும். இன்னொரு சுண்டுக்கு அடுத்த கால். ஜனங்கள் விசிலடிப்பார்கள். வாயில் கிடக்கிற இரும்பிலிருந்து தப்பிக்கத்தான் அந்தக் கால்கள் எழும்புகின்றன என்று அவருக்கு அப்போது தோன்றியதில்லை. ஏனென்றால் அவர் கொடுமைக்காரர் இல்லை. கப்பலுக்குக் கொள்ளு வைக்காமல் தான் சாப்பிட்டதில்லை. ஒருமுறை அதற்கு வயிறு உப்பிக்கொண்டபோது மாதா கோயிலுக்கு மெழுகுத்திரி நேர்ந்துகொண்டவர். தன் மனைவி ஆரோக்கிய ராணிக்குக் காய்ச்சல் வந்தபோது மாத்திரை மட்டும்தான் வாங்கிவந்தார் என்று அவள் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

கப்பலுக்குத் தன்மேல் உயிர் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. எட்டு வருஷமும் அதன் கயிறு அவர் கையில் இருந்தது. கயிறு இல்லாமல் அது என்ன செய்யும் என்று பார்க்கச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

மங்கலம்பேட்டைக் காயத்துக்குப் பிறகு மாட்டு டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "வாயில இரும்பு படக் கூடாது. காயம் ஆறினாலும் இனிமே கடிவாளம் இல்லாமத்தான். மூணு மாசம் கட்டிப்போடாம எங்கயாவது விடுங்க." முதுநகர் சந்துக்குள் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் கட்டிப்போடாமல் எங்கே விடுவது? டாக்டரிடம் மாட்டுக்கு ஊசி போட வந்திருந்தவர்களில் யாரோதான் இளவரசியைச் சொன்னார்கள். இரண்டு மாடு வைத்து லாட்ஜுகளுக்குப் பால் ஊற்றுகிறாள், புல் போட்டிருக்கிறாள், வேலி இருக்கிறது, வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார், வீட்டில் அவள் மட்டும்தான்.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் முதல் பூசை முடிந்ததும் லூர்துசாமி பாசஞ்சரைப் பிடித்துச் சிதம்பரம் போவார்.

முதல் இரண்டு ஞாயிறும் குதிரை வேலி மூலையில் நின்றது. அவர் கிட்டே போனால் தலையைத் தூக்கியது. காயம், வலிக்கும்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். மூன்றாம் ஞாயிறுதான் அதைப் பார்த்தார்.

இளவரசி வரப்பில் உட்கார்ந்து, குதிரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சிங்கப்பூருக்குப் போன் பேசிக்கொண்டிருந்தாள். புடவைக்கு மேல் கணவருடைய பழைய கட்டம்போட்ட முழுக்கைச் சட்டை. புல் அறுக்கும்போது கை அறுபடாமல் இருக்கப் போடுவது. கப்பல் மூலையிலிருந்து ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்து வந்தது. யாரும் கூப்பிடவில்லை. வந்து, அவள் தோளில் தாடையை வைத்தது. வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஏ, தள்ளு. டவர் கெடைக்கல எனக்கு," என்றாள்.

வேலிக்கு வெளியே நின்ற லூர்துசாமிக்கு வயிற்றில் தீ வைத்ததுபோல் இருந்தது. எட்டு வருஷம். ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்தக் கழுதை என் தோளில் தாடையை வைத்ததுண்டா?

கேட்டைத் திறந்துகொண்டு போனார். குதிரை கண்ணைத் திறந்து இரண்டடி விலகியது.

"என்னா போட்ட அதுக்கு?"

"புல்லுதாண்ணே."

"வெல்லம் குடுத்தியா?"

"எனக்கு டீக்கே வெல்லம் இல்ல."

"பின்ன எப்படி வந்து ஒட்டுது?"

"எனக்கா ஆச? வேணாம் வேணாம்னுதான் நானும் சொல்றேன். மொதல்ல அந்த மரத்துகிட்ட நிக்கும். அப்பறம் மோட்டார் கொட்டாகிட்ட. பயந்துகிட்டு நான் திரும்பிப் பாக்கறதே இல்ல. ஒரு நாளு பாத்தா மூச்சு கழுத்துல படுது. செத்தேன்னு நெனச்சேன். ஒண்ணும் பண்ணல."

பயமாம். அவர் எட்டு வருஷம் பயமில்லாமல் நேராகப் போய்த் தலையைப் பிடித்தார். இவள் பயந்து தள்ளி உட்கார்ந்தாள். அதற்கு இந்த மரியாதை. இதில் என்ன நியாயம் இருக்கிறது?

அடுத்த வாரத்திலிருந்து அவர் வாயில் குற்றம்தான் வந்தது. தண்ணீர்த் தொட்டியில் பாசி. புல் ரொம்ப ஈரம், வயிறு கெடும். "குதிர மேல மாட்டு வாசன அடிக்குது," என்றார். "மாட்டு மேலயும் குதிர வாசன அடிக்குதுண்ணே. அதுங்க ஒண்ணும் சொல்லல," என்றாள் அவள். காரட் வாங்கிப் போனார். கப்பல் காரட்டை மரியாதையாக வாங்கித் தின்றது. தின்றுவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றது.

வார நாட்களில் போன் செய்வார்.

"என்னா பண்ணுது?"

"நிக்குதுண்ணே."

"எங்க?"

"எம் பக்கத்துல."

போனை வைத்துவிடுவார்.

ஃபாதரிடம் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில்கூட இது வந்துவிட்டது. "பொறாமை, ஃபாதர்," என்றார். யார்மேல் என்று ஃபாதர் கேட்டார். "ஒரு பொம்பள மேல." கூண்டுக்குள் ஃபாதர் இருமினார். "அந்தம்மாகிட்ட இருக்கற எந்தப் பொருளுக்கு நீங்க ஆசப்படுறீங்க?" என்றார். "என்னோட குதிரைக்குத்தான் ஃபாதர்." பிறர் உடைமையை விரும்பாதே என்பதுதான் கட்டளை. தன் உடைமையைப் பிறரிடம் பார்த்துப் பொருமினால் என்ன செய்வது என்று அந்தக் கூண்டுக்குள் இருவருக்கும் தெரியவில்லை. பத்து அருள் நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஏழாவது ஞாயிறு லூர்துசாமி திருடினார்.

இளவரசி பால் கேனை எடுத்துக்கொண்டு லாட்ஜுக்குப் போயிருந்தாள். அந்தக் கட்டம்போட்ட சட்டை வேலியில் கழற்றிப் போட்டபடி கிடந்தது. இரகசியம் இதில்தான் இருக்கிறது என்று அவருக்குப் பளிச்சென்று பட்டது. குதிரைக்கு ஆள் எங்கே தெரிகிறது? வாசனைதான். சட்டையைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு ரயிலேறிவிட்டார்.

பையைப் பிரித்தது ஆரோக்கிய ராணி. அவள் ஒரு நர்சிங் ஹோமில் துணி துவைக்கிற பிரிவில் வேலை செய்கிறவள். ஊரான் வீட்டுத் துணியைப் பார்த்து அது யாருடையது, என்ன கறை என்று சொல்லக்கூடியவள். சட்டையை விரித்தாள். முகர்ந்தாள். காலரிலிருந்து நீளமாக ஒரு மயிரை உருவி எடுத்து விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"யோவ். யாரு சட்ட இது?"

"அது... புல்லுக்காரங்க வூட்டுச் சட்ட."

"ஆம்பளச் சட்ட. பொம்பள மயிரு. தேங்காயெண்ண வாசன. சொல்லு."

"கொண்டாந்தேன்."

"அதான் தெரியுதே. எதுக்குக் கொண்டாந்த?"

லூர்துசாமி காலிப் பையை எடுத்து மடித்தார். ஒருத்தியிடம் என் குதிரை கூப்பிடாமல் வருகிறது, என்னிடம் வரவில்லை, அதனால் அவள் சட்டையைப் போட்டுக்கொண்டு அதை ஏமாற்றப் பார்க்கிறேன். இதைக் கட்டின மனைவியிடம் சொல்வதைவிட, அவள் நினைப்பதே நடந்ததாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது.

"வர்ற ஞாயித்துக்கெழம நானும் வரேன்," என்றாள் ராணி. அந்த வாரம் முழுக்க அவள் பேசியது அவ்வளவுதான்.

ரயிலில் இருவரும் எதிரெதிர் சீட்டில் வந்தார்கள். அவள் பூசைக்குக் கட்டின பட்டுப்புடவையை மாற்றாமலே வந்திருந்தாள். போய்ச் சேர்ந்தபோது இளவரசி வீட்டில் இல்லை, பால் ஊற்றப் போயிருந்தாள். ராணி கேட் பக்கம் இருந்த புங்க மரத்து நிழலில் நின்றுகொண்டாள். "நீ எப்பவும் என்னா பண்ணுவியோ அதப் பண்ணு. நான் பாக்கறேன்."

லூர்துசாமி நாலாப் பக்கமும் பார்த்தார். பிறகு, வருவது வரட்டும் என்று, பையிலிருந்து அந்தச் சட்டையை எடுத்து மாட்டினார். தோள் பிடித்தது. பொத்தான் போடவில்லை. போய் வரப்பில், இளவரசி உட்காரும் இடத்தில், குதிரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். போன் பேசுகிற பாவனையில் ஒரு கையைக் காதில் வைத்துக்கொண்டார்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. எறும்பு கடித்தது. பிறகு புல் நசுங்குகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

மூச்சு கழுத்தில் பட்டது. அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வெதுவெதுப்பான மூக்கு காலரைத் தொட்டு, காது மடலைத் தொட்டு, தலையை முகர்ந்தது. அதற்குத் தெரிந்துபோனது, இது அவள் இல்லை என்று. தெரிந்தும் போகவில்லை. நின்றது. தோளில் ஒரு கனம் இறங்கப் பார்த்தது, அவ்வளவுதான், இன்னும் ஒரு விரற்கடை.

அவருடைய வலது கை தானாக எழுந்து அதன் தாடையைப் பிடித்தது.

குதிரை பின்னுக்குத் துள்ளி, திரும்பி, வேலியின் அந்தக் கோடிக்கு ஓடிப்போய் நின்றது. அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இது என் கைதான். நான் சொல்லவில்லையே, எதற்கு எழுந்தது?

மர நிழலில் ராணி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பட்டுப்புடவையெல்லாம் மண். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இதுக்குத்தானா? அடப்பாவி மனுசா. நான் என்னென்னமோ நெனச்சி ஒரு வாரமா சோறு எறங்கல."

"சிரிக்காத."

"கிட்ட வந்திச்சில்ல? பேசாம இருந்தா என்னா? ஒனக்கு எது கிட்ட வந்தாலும் லபக்குன்னு புடிச்சிக்கணும்." அவள் குரல் கொஞ்சம் மாறியது. "எனக்காக ஒரு நாளாச்சும் இப்படி வேசம் கட்டியிருப்பியா? ம்? ஒரு குதிரைக்கு வந்த யோகம்."

அவர் சட்டையைக் கழற்றி வேலியில் போட்டார். அதே சமயம் பால் கேனோடு வந்த இளவரசி அதைப் பார்த்துவிட்டு, "அட, சட்ட இங்கதான் இருக்குதா? ஒரு வாரமா தேடுறேன்," என்றாள். ராணி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நியாயமாக அன்றோடு அவருக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பொறாமை இடம் மாறியது, அவ்வளவுதான். குதிரையை இழுப்பது இளவரசியின் சட்டை இல்லை, அவளிடம் இருக்கிற வேறு ஏதோ ஒன்று, அது தன்னிடம் இல்லை என்று தெரிந்துவிட்டது. அது இன்னும் எரிந்தது. அவள் ஒரு கெட்ட பெண்ணாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தார். பாலில் தண்ணீர் ஊற்றுகிறாளா என்றுகூட ஒரு நாள் லாட்ஜ் வாட்ச்மேனிடம் விசாரித்தார். நல்ல பால் என்று சொல்லிவிட்டான்.

மூன்று மாதம் முடிந்தது. காயம் ஆறி, வாயோரம் மயிரில்லாத ஒரு கோடாக நின்றது. அப்போதுதான் தேவநாதன் என்கிறவர் போன் செய்தார். சிதம்பரத்தில் அக்கா மகளுக்கு மஞ்சள் நீராட்டு, தாய்மாமன் சீருக்குக் குதிரை வேண்டும். லூர்துசாமி யோசிக்காமல் ஒத்துக்கொண்டார். சீரை முடித்துவிட்டு மறுநாளே கப்பலை முதுநகருக்கு ஏற்றிவிடுவது என்று வண்டிக்கும் சொல்லிவைத்தார். ஊர் பார்க்கத் தெருவில் நடத்திப் போனால் இது யார் குதிரை என்று எல்லோருக்கும், முக்கியமாகக் குதிரைக்கு, தெரிந்துவிடும்.

கடிவாளம் கிடையாது. தலையில் ஒரு பஞ்சுக் கயிறு மட்டும். ஜரிகைத் துணி போர்த்தி, கழுத்துச் சலங்கை கட்டி, கேட்டைத் தாண்டிப் பத்தடி நடத்தினார். கப்பல் நின்றது. திரும்பி வீட்டைப் பார்த்தது. நாக்கைத் தட்டிச் சத்தம் கொடுத்தார். அசையவில்லை.

தேவநாதன் போன் செய்தார். "அண்ணே, பேண்டு செட்டு வந்தாச்சி. தட்டெல்லாம் எறக்கியாச்சி. எங்க கீறீங்க?"

"வந்துகிட்டே இருக்கேன்."

கயிற்றை இறுக்கினார். குதிரையின் காதுகள் பின்னால் மடங்கின. அந்த மயிரில்லாத கோடு இழுபட்டது. இன்னும் ஒரு சுண்டு சுண்டினால் வரும். எட்டு வருஷம் வந்திருக்கிறது. அவர் சுண்டவில்லை. இரக்கத்தினாலா, சுண்டி அப்போதும் வராமல் போனால் என்ன செய்வது என்ற பயத்தினாலா, அவருக்கே தெரியாது. கயிற்றைத் தளர விட்டார். பிறகு வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"எம்மா, இளவரசி."

அவள் நைட்டி மேல் துண்டு போட்டபடி எட்டிப் பார்த்தாள்.

"கூட கொஞ்சம் நடந்து வரியா? மண்டபம் வரைக்கும்."

"நானா? கயிறு புடிக்க மாட்டேண்ணே."

"புடிக்க வேணாம். சும்மா முன்னாடி நட."

அவள் புடவை கட்டிக்கொண்டு வந்து முன்னால் நடந்தாள். கப்பல் பின்னால் நடந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு லூர்துசாமியும் நடந்தார். தன் வீட்டு விருந்தில் தானே கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவர்போல.

சீர் புறப்படும் இடத்தில் தேவநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். ஒருவன் கையில் சரவெடிப் பெட்டி இருந்தது.

"வெடி வேணாம்," என்றார் லூர்துசாமி.

"என்னாண்ணே, மாமன் சீருக்கு வெடி இல்லாமயா? சரி, ஆட்டம் நல்லா ஆடுமில்ல?"

"ஆடாது."

"ஆடாதா? குதிர ஆடலன்னா எங்க மச்சான் மூஞ்சில நான் எப்படிய்யா முழிப்பேன்? சாவு ஊர்வலமாய்யா இது?"

"நடக்கும். அழகா நடக்கும். பேண்டு செட்ட இருவதடி முன்னாடி போவச் சொல்லு. வெடி வச்சீன்னா நாங்க திரும்பிப் போயிடுவோம்."

நாங்கள் என்று சொல்லிவிட்டோமே என்று சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. இளவரசி தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தாள். தேவநாதன் முணுமுணுத்தபடி வெடிப் பெட்டியை வேனுக்குள் வைக்கச் சொன்னார். அந்த நேரத்தில் வேறு குதிரைக்கு எங்கே போவார்?

கப்பல் நடந்தது. கீழ வீதி நெடுக, ஆட்டோக்காரர்கள் ஒதுங்கி நிற்க, தளர்ந்த கயிற்றோடு, தலையை ஆட்டிச் சலங்கை குலுங்க அந்தப் பெண்ணுக்குப் பின்னால் நடந்தது. ஆட்டத்துக்கு விசிலடிக்கிற கூட்டம் அதைப் பார்த்துச் சத்தம் போடாமல் நின்றது. மாடியிலிருந்தவர்கள் போனை எடுத்தார்கள். "அந்தம்மா பின்னாடியே எப்படி வருது பாரேன்," என்று ஒரு குரல் கேட்டது. லூர்துசாமி எட்டு வருஷத்தில் அந்தக் குதிரை இவ்வளவு அழகாக நடந்து பார்த்ததில்லை. பக்கத்தில் நடந்தபடியே பார்த்தார். பெருமையில் மார்பு நிமிர்ந்தது. அடுத்த நொடியே, இது எனக்காக நடக்கவில்லை என்று நினைவு வந்து, நிமிர்ந்த மார்புக்குள் எரிந்தது.

மண்டப வாசலில் தேவநாதனின் அக்கா ஒரு சால்வையைக் கொண்டுவந்து, "குதிரக்காரம்மாவுக்கு," என்று இளவரசிக்குப் போர்த்தினாள். படம் எடுத்தவர் லூர்துசாமியைப் பார்த்து, "அண்ணே, நீங்க அவுங்களுக்கு ஹெல்பரா? கொஞ்சம் தள்ளிக்குங்க, நெழல் விழுது," என்றார்.

"ஆமா," என்று சொல்லித் தள்ளி நின்றுகொண்டார்.

திரும்பும் வழியில் இளவரசி சால்வையை எடுத்து மடித்து நீட்டினாள். "இது உங்களுதுண்ணே."

"ஒனக்குப் போட்டது. நீயே வச்சிக்க." குரல் அவர் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது.

அவள் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். பிறகு, "எம்மேல கோவமாண்ணே?" என்றாள்.

"கோவமில்ல."

"பின்ன?"

"வயித்தெரிச்சல்," என்றார் லூர்துசாமி.

இதுவரை மனைவியிடமும் நேராகச் சொல்லாததை அவளிடம் சொன்னார். அவள் சிரிக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. "எனக்கும் இருக்கும்ணே. நாளைக்கு நீங்க ஏத்திகிட்டுப் போயிடுவீங்க. அப்பறம் தினம் ஒங்களத்தான் பாக்கும்," என்றாள். அவர் நடையை நிறுத்தி அவளைப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொள்கிற மாதிரி இருந்தது, தூசியாகவும் இருக்கலாம்.

புல்வெளிக்குள் விட்டு, ஜரிகைத் துணியை எடுத்து, சலங்கையை அவிழ்த்தார். தலைக் கயிற்றையும் கழற்றினார். கப்பல் உடம்பை உதறிக்கொண்டு, இருவரையும் விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனது. அவர் வெளியே போய் வண்டிக்காரருக்குப் போன் செய்து நாளைக்கு வர வேண்டாம் என்றார். வந்து கேட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். வேலிக்கு உள்பக்கம் இளவரசி நின்றிருந்தாள். அன்று அவர் அவளிடம் கேட்டது இவ்வளவுதான்.

"எம்மா, ஒண்ணு கேக்கறேன், மாட்டேன்னு சொல்லிடாத. வர்ற ஞாயித்துக்கெழம காலையிலேருந்து பொழுது சாயற வரைக்கும் நீ இங்க இருக்காத. அம்மா வூட்டுக்குப் போ, எங்கனா போ. நான் வந்து ஒக்காந்திருக்கேன். கயிறு கொண்டார மாட்டேன், காரட்டும் கொண்டார மாட்டேன். கூப்புடவும் மாட்டேன். கைய கட்டிகிட்டு இருப்பேன். எங்கிட்ட வந்தாலும் சரி, ஒன்னத் தேடிகிட்டு இந்த கேட்டுகிட்டயே நின்னாலும் சரி, அது இஷ்டம். சாயங்காலம் நீ திரும்பி வந்து, என்னா ஆச்சின்னு மட்டும் எங்கிட்ட கேக்காத."